தொட விடாத நாயைச் சீவப் பழக்குவது: வன்னி வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

மாரி முடிந்து புல் முற்றும் நாட்களில் வயற்கரையெல்லாம் திரிந்துவிட்டு வரும் நாயைப் பார்த்தால், நாயுருவிக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். நெஞ்சிலும் வாலிலும் அதன் விதை. விரலிடுக்கில் நெருஞ்சி. காதுமடலின் உட்பக்கத்தில், சின்ன எள்ளுப் போன்றதிலிருந்து இரத்தம் குடித்து ஆமணக்கு விதை அளவுக்கு ஊதியது வரைக்கும் உண்ணிகள். இவற்றை எடுக்கக் கையைக் கொண்டுபோனால் நாய் நழுவுகிறது, இல்லாவிட்டால் பல்லைக் காட்டுகிறது. ஒருவர் கழுத்தை அமுக்க, மற்றவர் அவசர அவசரமாக உண்ணி பிடுங்குவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அன்றைக்கு வேலை முடிந்துவிடும். அடுத்த முறை அதே இருவரும் முற்றத்தில் சேர்ந்து நின்றாலே நாய் வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டு பார்க்கும்.

இங்கே வளர்பவை பெரும்பாலும் வளவு நாய்கள். நேரத்துக்குச் சோறு கிடைக்கும், பெயர் இருக்கும், இரவில் காவல் வேலை இருக்கும். தலையைத் தடவுவதைத் தாண்டி அவற்றை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். நான்கு வயது நாயின் பின்காலை முதன்முதலில் தூக்கிப் பார்க்கிற நாள், அதில் முள் ஏறி அது நொண்டுகிற நாளாகவே இருக்கிறது. தொடுகை என்றாலே நோவு என்று நாய் முடிவுகட்டுவதற்கு அந்த ஒரு நாள் போதும்.

அந்தக் கணக்கை மாற்றுவதற்கான முறைதான் இது. ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று நிமிடத்துக்கு மேல் போகாமல் செய்தால், சாதாரண நாய் மூன்று நான்கு கிழமையில் உடம்பு முழுவதையும் சீவ விடும். முன்பு பலவந்தமாகப் பிடிக்கப்பட்ட நாய்க்கு மாதக்கணக்கில் எடுக்கலாம். குட்டி வைத்திருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம்: பிறந்து 3 கிழமை முதல் 14 கிழமை வரையான காலத்தில் குட்டிகள் புதியவற்றை எளிதில் ஏற்றுக்கொள்ளும். அந்த வயதில் தினமும் அரை நிமிடம் காது, பாதம், வாய் என்று தொட்டுப் பழக்கினால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது.

எப்படி வேலை செய்கிறது

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நாய்களின் சமிபாட்டை ஆராய்ந்தவர். அதற்காகத்தான் 1904 இல் நோபல் பரிசு பெற்றார். உணவு வருமுன்பே, உணவு கொண்டுவருபவரின் காலடிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறுவதைக் கவனித்து அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். எது முதலில் வருகிறதோ அது பின்னால் வருவதற்கு அடையாளமாகிவிடுகிறது. சோற்றுச் சட்டியின் சத்தம் கேட்டதும் பின்வளவிலிருந்து ஓடிவரும் நாய்க்கும் இதே கதைதான்.

நாம் செய்யப்போவது, தொடுகையை அந்தச் சட்டிச் சத்தமாக மாற்றுவது. ஆகவே வரிசை முக்கியம். முதலில் தொடுகை, பிறகு தீனி. தீனியைக் காட்டி நாயைக் கூப்பிட்டு, அது தின்றுகொண்டிருக்கும்போது காலைப் பிடித்தால் வரிசை தலைகீழாகிவிடும். முட்டைத் துண்டைக் கண்டாலே ஏதோ வரப்போகிறது என்று நாய் சந்தேகப்படும். ஒரு கிழமை பழக்கியும் முன்னேற்றம் இல்லை என்பவர்களிடம் விசாரித்தால் அநேகமாக இந்தப் பிழைதான் இருக்கும்.

இரண்டாவது விதி: நாயைக் கட்டிவைத்துப் பழக்க வேண்டாம். எழும்பிப் போகலாம் என்று தெரிந்த நாய்தான் நிற்கும். போனால் போகட்டும். தொடுகையும் நின்றுவிடும், தீனியும் நின்றுவிடும். பெரும்பாலான நாய்கள் அரை நிமிடத்தில் தாமாகத் திரும்பி வரும். வராவிட்டால் அந்த வேளைக்கு அவ்வளவுதான்.

நாய் சொல்வதைக் கவனித்தல்

கடிப்பதற்கு முன் நாய் பல தடவை சொல்லிப் பார்க்கும். நாங்கள்தான் உறுமலிலிருந்து கேட்கத் தொடங்குகிறோம். ஒரு பையன் நாயின் முன்பாதத்துக்குக் கையைக் கொண்டுபோகிறான் என்று வையுங்கள். நாய் முதலில் தலையை மறுபக்கம் திருப்பும். கை இன்னும் வந்தால் நாக்கை வெளியே நீட்டி மூக்கை ஒருதடவை நக்கும். தின்பதற்கு அங்கே எதுவுமே இருக்காது. பிறகு வாயை மூடும். அதுவரை இளைத்துக்கொண்டிருந்த நாயின் மூச்சு ஒரு கணம் நிற்கும். கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரியும். உடம்பு மரக்கட்டையாகும். அதற்குப் பிறகுதான் உறுமல். இவ்வளவும் நான்கைந்து செக்கனுக்குள் நடந்துவிடும்.

நித்திரை வராத நேரத்துக் கொட்டாவி, நனையாமலே உடம்பைச் சிலிர்த்து உதறுவது, வாலைக் கீழே இறுக்குவது, பாதத்தை இழுத்து உள்ளே வைப்பது, தீனியைக் கையிலிருந்து வெடுக்கென்று பறிப்பது எல்லாம் அதே வகைதான். வழக்கமாகப் பாய்ந்து தின்கிற முட்டையை மணந்துவிட்டுத் திரும்பினால் அந்த இடம் ஏற்கெனவே அதற்குத் தாங்க முடியாத இடம். ஒரு படி பின்னுக்குப் போக வேண்டும்.

உறுமுகிற நாய்க்கு அடி போடுவது எங்கள் ஊர் வழக்கம். அது மிக மோசமான வழக்கம். அடி, பயத்தை எடுப்பதில்லை; எச்சரிக்கையை மட்டும் எடுத்துவிடும். "சத்தமே போடாமல் கடிச்சுப்போட்டுது" என்று சொல்லப்படுகிற பல நாய்கள், ஒருகாலத்தில் சத்தம் போட்டு அடி வாங்கியவை.

தேவையானவை

தீனி: கௌப்பி விதை அளவில் நறுக்கியது, ஒரு வேளைக்கு 15 துண்டு. அவித்த முட்டையின் வெள்ளை நல்லது; கையில் உதிராது, ஒரு முட்டையில் 30 துண்டுக்கு மேல் வரும். உப்பில்லாமல் அவித்த கோழி இறைச்சி, முள் நீக்கிய சூடை மீன் என்பவையும் சரி. ஈரலுக்கு நாய்கள் உயிரை விடும், ஆனால் தினமும் வேண்டாம். கிழமைக்கு ஒன்றிரண்டு நாள் போதும். நெத்தலிக் கருவாடு என்றால் ஊறவைத்து, அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகுதான், உப்பு அவ்வளவு. கறிச்சட்டியிலிருந்து எடுத்த துண்டு கூடாது. வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்துக்கு நஞ்சு. பிஸ்கட் மலிவுதான், ஆனால் பயத்தோடு போட்டியிடும் அளவுக்கு அதில் ருசி இல்லை.

பிரஷ்: நாட்டு நாயின் குட்டை மயிருக்கு ரப்பர் முட்கள் உள்ள பிரஷ் அல்லது ரப்பர் கையுறை போதும். அல்சேசன் கலப்பு, பொமேரியன் போன்ற அடர்த்தியான மயிருக்கு வளைந்த மெல்லிய கம்பிகள் கொண்ட பிரஷும், அகன்ற பல் உள்ள உலோகச் சீப்பும் வேண்டும். தெள்ளுப் பார்க்க, தலைக்கு வாங்குகிற உலோகப் பேன்சீப்பே போதும். வாங்கியதும் முதலில் உங்கள் முன்கையின் உட்பக்கத்தில் இழுத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுரண்டினால் நாயின் வயிற்றுக்கும் சுரண்டும். அடிமயிரை வெட்டி இழுக்கிற கத்திப்பல் கருவிகளை, நாய் பழகி முடியும்வரை கடையிலேயே விட்டுவையுங்கள்.

இடம்: விறாந்தையில் ஒரு மூலை. மினுக்கிய சீமெந்து நிலத்திலும் மாபிளிலும் நாயின் கால் வழுக்கும், வழுக்குகிற நாய் பதறும். ஆகவே சணல் சாக்கொன்றை நான்காக மடித்துப் போடுங்கள். உரப்பை வேண்டாம், அதுவும் வழுக்கும், உர மணமும் போகாது. சாக்கைப் பழக்குகிற நேரத்தில் மட்டும் விரித்து, முடிந்ததும் சுருட்டி எடுத்துவிட வேண்டும். பத்து நாளில் சாக்கை எடுக்கும்போதே நாய் வந்து நிற்கத் தொடங்கும்.

நேரம்: கோடையில் காலை 8 மணிக்கு முன், அல்லது பின்னேரம் 5 மணிக்குப் பின். மத்தியான வெக்கையில் இளைக்கிற நாய்க்குப் பயத்தால் இளைக்கிறதா, சூட்டால் இளைக்கிறதா என்று உங்களால் பிரித்தறிய முடியாது. சோறு வைக்கமுன் செய்வது நல்லது, ஆனால் பட்டினி போட்டுச் செய்ய வேண்டாம். காட்டோரக் கிராமங்களில் இன்னொன்றும் உண்டு: இரவு முழுக்க யானைவெடி போட்ட மறுநாள் பழக்க வேண்டாம். அந்தப் பதற்றம் அடங்க ஒரு நாள் விட்டால் நட்டமில்லை. கோயில் திருவிழா வெடிக்கும் இதுதான்.

ஆள்: தினமும் சோறு வைக்கிறவரே தொடங்க வேண்டும். முதல் இரண்டு கிழமை அவர் ஒருவர்தான்.

படி 1: குறிச்சத்தம் (1–2 நாள்)

நாய் சரியாகச் செய்த அந்தக் கணத்தைக் காட்ட ஒரு சத்தம் தேவை. "ஓம்", "சரி", "நல்லவன்" போன்றவை வீட்டில் நாள் முழுக்கக் கேட்கிற சொற்கள், பயன்படாது. நாக்கை அண்ணத்தில் தட்டிப் போடும் "டொக்" போதும். நாயைத் தொடாமல், சாக்கில் நின்று "டொக்" போடுங்கள், ஒரு செக்கனுக்குள் துண்டைக் கொடுங்கள். 15 துண்டும் இப்படியே. இரண்டு மூன்று வேளை ஆனதும், நாய் வேறெங்காவது பார்த்துக்கொண்டிருக்கும்போது போட்டுப் பாருங்கள். வெடுக்கென்று திரும்பி உங்கள் கையைப் பார்த்தால் விளங்கிவிட்டது.

படி 2: வெறும் கை (5–10 நாள்)

நாயின் முன்னால் நின்று குனிய வேண்டாம். பக்கவாட்டில், நாய் பார்க்கிற திசையையே பார்த்தபடி குந்துங்கள் அல்லது பலகையில் இருங்கள். தலைக்கு மேலால் வருகிற கையைப் பெரும்பாலான நாய்கள் விரும்புவதில்லை. கை கீழிருந்து வரட்டும்.

கை தோள்பட்டையின் பக்கத்தைத் தொடும், ஒரு செக்கன் இருக்கும், "டொக்", கை எடுபடும், பிறகு மற்றக் கை தீனி கொடுக்கும். தீனிக்கை அதுவரை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இரண்டு கையும் ஒன்றாக அசைந்தால் நாய் தீனிக்கையை மட்டும்தான் பார்க்கும்.

ஐந்து தடவை செய்துவிட்டுக் கணக்குப் பாருங்கள். ஐந்திலும் நாய் தளர்வாக நின்றதென்றால் அடுத்ததுக்குப் போகலாம். நான்கு அல்லது மூன்று என்றால் அதையே திரும்பச் செய்யுங்கள். இரண்டு அல்லது அதற்குக் கீழே என்றால் ஒரு படி இறங்குங்கள்: கையைத் தொடாமல் ஒரு சாண் தூரத்தில் நிறுத்தி அதற்கே தீனி கொடுங்கள். இந்தக் கணக்கு கடைசிவரை எல்லாப் படிக்கும் பொருந்தும். ஆர்வத்தில் அதைத் தாண்டாமல் இருப்பதுதான் கஷ்டம்.

தொடும் வரிசை: தோள், நெஞ்சு, முதுகு, விலா, தொடையின் வெளிப்பக்கம். இவை எளிய இடங்கள். பிறகு கழுத்தும் கழுத்துப்பட்டிக்குக் கீழும், காதின் வெளிப்பக்கம், முன்காலின் மேற்பகுதி. கடைசியாகப் பாதங்கள், காதின் உட்பக்கம், வாய், வயிறு, வால், வாலின் கீழ். ஒரு இடத்தில் ஒரு செக்கன் சரிவந்தால் இரண்டு, மூன்று, ஐந்து என்று நீட்டுங்கள். நீட்டும்போது ஒவ்வொருமுறையும் நீட்டிக்கொண்டே போகாமல், ஐந்துக்குப் பிறகு ஒரு இரண்டு, பிறகு நான்கு, பிறகு ஒன்று என்று கலந்து செய்யுங்கள். போகப்போக வேலை கஷ்டமாகிறது என்று கண்டுபிடிக்கிற அளவுக்கு நாய்கள் கெட்டிக்காரர்.

இடம் மாறும்போது நேரத்தைக் குறையுங்கள். முதுகில் ஐந்து செக்கன் விட்ட நாய், முழங்காலிலும் ஐந்து செக்கன் விடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

படி 3: தாடை வைத்தல்

நேரம் இல்லையென்று பலர் விட்டுவிடுகிற படி இது. இந்த முறையில் எங்களுக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். நாய் தன் தாடையை ஒரு இடத்தில் வைத்தால் "தொடலாம்" என்று பொருள். எடுத்தால் "நிறுத்து" என்று பொருள். இதை விளங்கிக்கொண்ட நாய்க்கு உறுமத் தேவையே வராது.

பிளாஸ்டிக் கதிரையொன்றைச் சுவரோடு சாத்தி வையுங்கள், அசையக் கூடாது. இருக்கையில் துவாயை மடித்துப் போடுங்கள். சின்ன நாய்க்கு உங்கள் முழங்காலே போதும். துண்டொன்றைத் துவாய்க்கு மேலால் மெதுவாக இழுத்தால் நாயின் மூக்கு பின்னால் வந்து தாடை துவாயில் முட்டும். முட்டிய கணத்தில் "டொக்", தீனி. பத்துப் பன்னிரண்டு தடவைக்குப் பிறகு வெறும் கையால் காட்டுங்கள், பிறகு காட்டாமலே காத்திருங்கள். தானாக வைத்தால் இரண்டு துண்டு கொடுக்கலாம். தாடை ஐந்து செக்கன் அசையாமல் இருக்கும்வரை வேறு எதையும் தொட வேண்டாம்.

பிறகு தாடை வைத்திருக்கும்போது மற்றக் கை தோளைத் தொடும். தாடை தூக்கப்பட்டால் கை உடனே எடுபட வேண்டும், "இன்னும் கொஞ்சம்தான்" என்று கெஞ்சக் கூடாது. நாய் முதல் நாளில் வேண்டுமென்றே தூக்கித் தூக்கிச் சோதிக்கும். நான்கைந்து தடவை நீங்கள் சொல்வாக்குக் காப்பாற்றினால் சோதனை முடிந்துவிடும், தாடை நெடுநேரம் இருக்கத் தொடங்கும்.

படி 4: பிரஷ்

1. பிரஷை நிலத்தில் வையுங்கள். நாய் பார்த்தால் தீனி, மணந்தால் தீனி.
2. பிரஷைக் கையில் எடுங்கள், அசைக்காமல் பிடியுங்கள். தீனி.
3. நாயைத் தொடாமல் காற்றில் சீவுவதுபோல் அசையுங்கள். தீனி.
4. பிரஷின் முதுகுப்பக்கத்தால் தோளை ஒரு செக்கன் தொடுங்கள். தீனி.
5. முட்பக்கத்தை அசைக்காமல் தோளில் வையுங்கள். தீனி.
6. மயிர் போகும் திசையில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு இழுவை. தீனி.
7. இரண்டு இழுவைக்கு ஒரு தீனி, பிறகு மூன்றுக்கு, ஐந்துக்கு.

நான்காவதிலிருந்து ஆறாவதுக்குத் தாவுகிறவர்கள்தான் அதிகம். கம்பி பிரஷ் மயிருக்குள் இறங்கும் உணர்வு நாய்க்குப் புதிது. ஐந்தாவது படி அதற்குத்தான். அழுத்தம் உங்கள் கையின் பாரத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரே இடத்தில் பத்துப் பன்னிரண்டு இழுவைக்கு மேல் போட்டால் தோல் சிவந்து எரியும், மறுநாள் நாய் அந்த இடத்தைத் தர மறுக்கும்.

ஏழாவதுக்கு வந்த நாய்க்குத் தயிர் உதவும். எருமைத்தயிர்ச் சட்டியில் ஒட்டியிருக்கிற மிச்சமே போதும், அல்லது அகப்பையின் பின்பக்கத்தில் ஒரு தேக்கரண்டி பூசிப் பிடியுங்கள். நக்குகிற நாய் அமைதியாகும், மூன்று நிமிடம் தொடர்ந்து சீவலாம். ஆனால் தயிரை முதல் நாளிலேயே கொண்டுவர வேண்டாம். அப்போது நாய் தயிரைத்தான் பார்க்கும், சட்டி முடிந்த கணத்தில் முதுகில் பிரஷ் இருப்பது தெரிந்து திடுக்கிடும்.

பாதம், நகம், காது, வாய்

பாதத்தை நேரே போய்ப் பிடிக்கக் கூடாது. கை தோளில் தொடங்கி, முழங்கை வழியாக வழுக்கிக் கீழே வந்து, பாதத்தில் ஒரு செக்கன் நின்று எடுபட வேண்டும். தூக்கும்போது கால் உடம்புக்குக் கீழே மடங்குகிற திசையிலேயே மடங்கட்டும்; பக்கவாட்டில் இழுத்தால் தோள்மூட்டு நோகும். நாய் இழுத்தால் விட்டுவிடுங்கள். இறுக்கிப் பிடித்து வெல்லலாம்தான், ஆனால் அந்த வெற்றியின் விலை ஒரு மாதம்.

விரல்களை விரித்துப் பார்ப்பது தனிப் பாடம். ஒரு வேளைக்கு ஒரு விரலிடுக்கு போதும்.

கிரவல் பாதையிலும் வயல்வரம்பிலும் ஓடுகிற நாய்களுக்கு நகம் தானாகத் தேயும். ஆனால் முன்காலின் உட்பக்கத்தில் உயர இருக்கிற கட்டைவிரல் நகம் நிலத்தில் படாது, தேயாது. வட்டமாக வளைந்து சதைக்குள்ளேயே குத்தியிருப்பதைப் பல நாய்களில் காணலாம். மாதம் ஒருமுறை அதைப் பாருங்கள். வெட்டுவதென்றால் ஒருமுறைக்கு ஒன்று, இரண்டு மில்லிமீற்றர்தான். கறுப்பு நகத்தில் வெட்டுவாயின் நடுவே கருமையான ஈரப்புள்ளி தெரிந்தால் நிறுத்துங்கள், அதற்கப்பால் இரத்தக்குழாய். வெட்டுப்பட்டு இரத்தம் வந்தால் சோளமா அல்லது கோதுமை மாவை வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

காதை மடலோடு மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற இடத்தை ஈரப்பஞ்சால் துடைத்தால் போதும். குச்சியும் வேண்டாம், எண்ணெய் விடவும் வேண்டாம். கறுப்புக் கோப்பித்தூள் போன்ற அழுக்கு, புளித்த மணம், ஓயாமல் தலையை உதறுவது என்பவை மருந்து தேவைப்படுகிற அறிகுறிகள்.

வாயில் உதட்டை மட்டும் தூக்கப் பழக்குங்கள். முரசு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறி, வெள்ளைத்துணி போலத் தெரிந்தால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். உண்ணியால் பரவும் காய்ச்சலில் அப்படி வெளிறும். சாப்பிடாமல் சுருண்டு கிடப்பது, சிறுநீர் கடும் கோப்பி நிறத்தில் போவது, மூக்கால் இரத்தம் வருவது என்பவையும் அதனோடு சேர்ந்து வரலாம்.

உண்ணி எடுத்தல்

நாய் இதுவரை பழகியதன் பலன் இங்கேதான். முதலில் வெறும் இடுக்கியால் தொட்டுத் தீனி கொடுத்துப் பழக்குங்கள், உண்ணி இல்லாத இடத்திலும். பிறகு நுனி மெல்லிய இடுக்கியால் உண்ணியைத் தோலோடு ஒட்டி, தலைப்பகுதியில் பிடியுங்கள். திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், நேராக ஒரே சீராக இழுங்கள். வயிற்றைப் பிடித்து நசித்தால் அதற்குள் இருப்பது நாயின் உடம்புக்குள் போகும். எடுத்ததை நகத்தால் குத்தாமல் சவர்க்காரத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். உண்ணி ஒட்டியிருக்கும் நேரம் கூடக்கூட நோய் பரவும் ஆபத்தும் கூடும் என்பதால், கோடையில் தினமும் பார்ப்பது நல்லது: காது, கழுத்துப்பட்டியின் கீழ், கக்கம், விரலிடுக்கு, வாலின் அடி.

மண்ணெண்ணெய் பூசுவது, நெருப்புக்குச்சி பிடிப்பது, சொறிக்குக் கழிவு ஒயில் தடவுவது எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். நாய் அதை நக்கும், ஈரலும் சிறுநீரகமும் பழுதாகும். தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் கரைத்து நாயைக் குளிப்பாட்டுவது இன்னும் மோசம். வாயில் நுரை தள்ளி, நடுங்கி, சில மணி நேரத்தில் நாய் சாகக்கூடும். நாய்க்கென்றே வருகிற உண்ணி மருந்தை, நாயின் நிறையைச் சொல்லி மிருக வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். நாயில் ஒட்டும் உண்ணி சுவர் வெடிப்பிலும் சாக்கு மடிப்பிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பழக்குகிற அந்தச் சாக்கையும் கிழமைக்கு ஒருதரம் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவையுங்கள்.

மாரியில் கவனம் புண்ணுக்குப் போகட்டும். ஈரமயிருக்குள் சின்னக் காயம் தெரியாது. இலையான் மொய்த்து இரண்டொரு நாளில் புழு வைத்துவிடும். சீவுகிற கை அதை முதல் நாளே கண்டுபிடிக்கும். நாய் ஒரே இடத்தை நக்கிக்கொண்டிருந்தாலோ அழுகல் மணம் வந்தாலோ மயிரை விலக்கிப் பாருங்கள்.

சடை விழுந்த மயிர்

நாட்டு நாய்க்கு இது அநேகமாக இல்லை. பொமேரியன் வகைக்குக் காதுக்குப் பின்னாலும் கக்கத்திலும் தொடைக்கு நடுவிலும் விழும். குளிப்பாட்டுமுன் சீவ வேண்டும். நனைந்தால் சடை இன்னும் இறுகும். சடைக்கும் தோலுக்கும் நடுவே மயிரை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். இழுவை உங்கள் விரலில் நிற்கும், தோலுக்குப் போகாது. பிரியாவிட்டால் தோலுக்கும் சடைக்கும் இடையே சீப்பைச் செருகி, சீப்புக்கு வெளிப்பக்கத்தில் வெட்டுங்கள். சீப்பு இல்லாமல் வெட்டினால் மயிரோடு தோலும் போகும். வெக்கைக்கென்று முழுவதையும் மழிக்க வேண்டாம். அந்த இரட்டை மயிர் வெயிலையும் தடுக்கிறது. உதிர்ந்த அடிமயிரைச் சீவி எடுத்தாலே காற்றுப் புகும்.

பிழைக்கிற இடங்கள்

நன்றாக விட்டுக்கொண்டிருந்த நாய் ஒருநாள் திடீரென்று மறுத்தால் அது பிடிவாதம் என்று நினைக்காமல், நோவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். காதுக்குள் உண்ணி, பாதத்தில் முள், இடுப்பு மூட்டு, பல் என்று தேடுங்கள். மனிதருக்கான வலிமாத்திரையைக் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

அம்மாவுக்கு விடுகிறது, மகனுக்கு விடவில்லை என்பதும் வழமை. நாய்க்கு ஒவ்வொரு ஆளும் புதுப்பாடம். மகன் படி 2 இலிருந்து தொடங்க வேண்டும். நாட்கணக்கில் அல்லாமல் இரண்டொரு வேளையில் அவர் மேலே வந்துவிடுவார். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெரியவர் பக்கத்தில் இல்லாமல் செய்யக் கூடாது.

பழக்கம் பாதியில் இருக்கும்போது காலில் முள் ஏறிவிட்டால், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதைச் சாக்கில் வைத்து எடுக்காதீர்கள். முற்றத்தின் வேறொரு பக்கத்தில், துவாயைத் தலைக்கு மேல் தளர்வாகப் போட்டு, கெதியாக முடித்துவிடுங்கள். சாக்கு சுத்தமாக இருக்கட்டும்.

ஏற்கெனவே கடித்த நாய்க்கு முதலில் வாய்க்கூடு பழக்க வேண்டும். இளைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள கூடை வகைதான் வேண்டும். கயிற்றால் வாயைக் கட்டினால் வெக்கையில் நாய்க்கு மூச்சு முட்டும். அதையும் தீனியை உள்ளே போட்டு, நாய் தானாக மூக்கை நுழைக்கும்வரை ஒரு கிழமை செலவழித்துப் பழக்குங்கள். மூக்கு தானாகப் போகாத கூட்டை மாட்டுவது பழைய பலவந்தத்தின் இன்னொரு வடிவம்.

கடிபட்டாலோ பல் கீறினாலோ உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும், வீட்டு நாயாக இருந்தாலும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். விசர்நாய்த் தடுப்பூசி சுகாதாரத் துறையினரால் நாய்களுக்கு இலவசமாகப் போடப்படுகிறது. ஆண்டுக்கொருமுறை போட்டு, அட்டையைப் பத்திரமாக வையுங்கள். வைத்தியசாலையில் முதலில் கேட்பது அதைத்தான்.

பழகிய பிறகு

குட்டை மயிர் நாய்க்குக் கிழமைக்கு ஒருமுறை, அடர்ந்த மயிருக்கு இரண்டொரு நாளுக்கு ஒருமுறை சீவினால் போதும். தீனியை முற்றாக நிறுத்தாதீர்கள். நகத்துக்கும் உண்ணிக்கும் எப்போதும் கொடுங்கள், முதுகுக்கு இடையிடையே கொடுத்தால் சரி. ஊசி போடக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோகும்போது, துவாயையும் அந்தச் சணல் சாக்கையும் முச்சக்கரவண்டியில் மறக்காமல் ஏற்றுங்கள். அங்கே சீமெந்துத் தரையில் அதை விரித்துவிட்டுத்தான் வைத்தியரைக் கூப்பிட வேண்டும்.